நெடுஞ்சாலையில் இணைதல்

நெடுஞ்சாலையில் இணைதல் என்பது, நுழைவுச் சாலை அல்லது அணுகுசாலை வழியாக வரும் ஊர்தி ஒன்று, முதன்மைச் சாலையில் விரைந்து செல்லும் ஊர்தி வரிசைக்குள் அதன் ஓட்டத்தைக் குலைக்காமல் புகுவதாகும். சாலைச் சந்திப்பைக் கடப்பதிலிருந்து இது வேறுபட்டது. சந்திப்பில் ஊர்திகள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இணைதலில் ஒரே திசையில் செல்லும் இரு ஓட்டங்கள் ஒன்றாகின்றன. ஆகவே இதில் நேரும் விபத்துகளுக்குத் திசை வேறுபாட்டைவிட வேக வேறுபாடே பெரிதும் காரணமாகிறது.

பாதுகாப்பாக இணைவதற்கு இரண்டில் ஒன்று தேவை. முதன்மைச் சாலையின் வேகத்தை எட்டுவதற்குப் போதிய நீளமுள்ள பாதை இருக்க வேண்டும். அல்லது முதன்மைச் சாலையில் வரும் ஊர்திகளுக்கிடையே மிக நீண்ட இடைவெளி இருக்க வேண்டும். பாதை குறுகினால் இடைவெளி நீள வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி. தமிழ்நாட்டின் திருப்பூர் வட்டாரத்தில் இவ்விதியின் பொருளைத் தெளிவாகக் காணலாம். இங்கு சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் பின்னலாடைத் தொழிலின் சரக்கு ஊர்திகளும் தொழிலாளர் ஊர்திகளும் நாள்தோறும் அணுகுசாலைகளிலிருந்து இணைகின்றன.

நுழைவுச் சாலையின் உறுப்புகள்

முழுமையாக அமைக்கப்பட்ட நுழைவுச் சாலை ஒன்றில் பின்வரும் பகுதிகள் இருக்கும்.

• சரிவுப் பகுதி: உள்ளூர்ச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையின் மட்டத்திற்கு ஏறும் அல்லது இறங்கும் பகுதி. பெரும்பாலும் இது வளைந்திருப்பதால் இங்கு வேகம் குறைவாகவே இருக்கும்.

• பிரிமுனை: நுழைவுச் சாலையும் முதன்மைச் சாலையும் நெருங்கும் இடத்தில் உள்ள முக்கோண வடிவப் பகுதி. சாய்ந்த வெள்ளைக் கோடுகளால் இது குறிக்கப்படும். இதன் மேல் ஊர்தியைச் செலுத்துவதோ நிறுத்துவதோ கூடாது.

• முடுக்கத் தடம்: முதன்மைச் சாலையை ஒட்டி, அதற்கு இணையாகச் சிறிது தொலைவு செல்லும் கூடுதல் தடம். ஊர்தி தன் வேகத்தைக் கூட்டிக்கொள்வதற்காகவே இது அமைக்கப்படுகிறது. இதற்கும் முதன்மைச் சாலைக்கும் இடையே விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு இருக்கும்.

• குறுகுபகுதி: முடுக்கத் தடம் சிறிது சிறிதாக ஒடுங்கி முதன்மைச் சாலையில் மறையும் இடம். இதை அடைவதற்குள் ஊர்தி இணைந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ஊர்திகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், நுழைவுச் சாலை முதன்மைச் சாலையின் இடப்பக்கத்தில் வந்து சேரும். இணைபவர் தமக்கு வலப்புறம் உள்ள தடத்திற்குள் புக வேண்டும். எனவே அவர் கவனிக்க வேண்டிய ஊர்திகள் வலப்புறம் பின்னாலிருந்து வருகின்றன.

வேகமும் இடைவெளியும்

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. அதற்கு 100 மீட்டர் முன்னால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மற்றோர் ஊர்தி புகுந்தால், இரண்டிற்கும் இடையிலான தொலைவு 6 நொடிகளில் மறைந்துவிடும். புகும் ஊர்தியின் வேகம் 70 கி.மீ. ஆக இருந்தால் அதே 100 மீட்டர் மறைவதற்கு 36 நொடிகள் ஆகும். முன்னதில் பின்னால் வருபவர் உடனே பிரேக் பிடிக்க வேண்டும். பின்னதில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தாலே போதும். மெதுவாகப் புகுவது பாதுகாப்பானது என்ற பரவலான எண்ணம் தவறானது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வேகத்தைக் கூட்டுவதற்கு எவ்வளவு பாதை வேண்டும் என்பது ஊர்தியைப் பொறுத்தது. கீழுள்ள எடுத்துக்காட்டுகளில் மகிழுந்து ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு 1.5 மீட்டர் வீதமும், முழுச் சுமையுடன் உள்ள லாரி 0.4 மீட்டர் வீதமும் கூட்டுவதாகக் கொள்ளப்பட்டுள்ளது. சாலை மேடின்றிச் சமமாக இருப்பதாகவும் கொள்ளப்பட்டுள்ளது.

• 40 கி.மீ. வேகத்தில் வரும் மகிழுந்து 80 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 125 மீட்டர் பாதையும் 7 நொடிகளும் ஆகும்.

• நின்ற நிலையிலிருந்து புறப்படும் மகிழுந்து 80 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 165 மீட்டர் பாதையும் 15 நொடிகளும் ஆகும்.

• 20 கி.மீ. வேகத்தில் வரும் சுமை லாரி 60 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 310 மீட்டர் பாதையும் 28 நொடிகளும் ஆகும்.

• நின்ற நிலையிலிருந்து புறப்படும் சுமை லாரி 60 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 350 மீட்டர் பாதையும் 42 நொடிகளும் ஆகும்.

முடுக்கத் தடம் இல்லாதபோது இந்த வேகக் கூட்டல் முழுவதும் முதன்மைச் சாலையின் மீதே நிகழ்கிறது. அவ்வேளையில் பின்னால் 80 கி.மீ. வேகத்தில் வருபவர் நெருங்கிக்கொண்டே இருப்பார். இறுதியில் இரண்டு ஊர்திகளுக்கும் இடையே 2 நொடித் தொலைவாவது எஞ்ச வேண்டும் எனக் கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் புகும் மகிழுந்துக்கு ஏறத்தாழ 4 நொடி இடைவெளி போதும். நின்று புறப்படும் மகிழுந்துக்கு அதே கணக்கில் ஏறத்தாழ 10 நொடி இடைவெளி தேவை. நின்று புறப்படும் சுமை லாரிக்கு, பின்னால் வருபவர் 60 கி.மீ. வேகத்தில்தான் வருகிறார் என்றாலும், 23 நொடி அளவுக்கு இடைவெளி தேவை. நெரிசல் மிக்க நெடுஞ்சாலையில் இத்தகைய இடைவெளி தானாகக் கிடைப்பது அரிது. அதனால் இணையுமிடத்தின் ஓரத்தில் ஒருமுறை நின்றுவிட்ட ஊர்தி, நிற்காமல் வந்த ஊர்தியைவிடப் பல மடங்கு கடினமான நிலைக்குத் தள்ளப்படுகிறது.

இணையும் முறை

1. சரிவுப் பகுதியிலோ அணுகுசாலையிலோ இருக்கும்போதே முதன்மைச் சாலையைப் பார்க்கத் தொடங்க வேண்டும். ஊர்திகள் எத்தனை என்பதைவிட, அவை எந்த வேகத்தில் எவ்வளவு இடைவெளியுடன் வருகின்றன என்பதை அறிவதே முதன்மையானது.

2. முன்னால் இணையக் காத்திருக்கும் ஊர்திக்கும் தமக்கும் இடையே போதிய தொலைவு விட வேண்டும். முன்னால் உள்ளவர் புகுந்துவிடுவார் என்று கருதி, பின்னால் வரும் ஊர்திகளைப் பார்த்தபடியே முன்னேறுபவர், முன்னவர் திடீரென நின்றால் அவர்மீது மோதுகிறார். இணையுமிடங்களில் இவ்வகை மோதல் பொதுவானது.

3. வலப்புற இண்டிகேட்டரை முன்கூட்டியே போட வேண்டும். தடம் மாறத் தொடங்கிய பின் போடப்படும் இண்டிகேட்டரால் பயனில்லை.

4. முடுக்கத் தடத்தில் வேகத்தைத் தயக்கமின்றிக் கூட்ட வேண்டும். தேவையானால் கீழ் கியரைப் பயன்படுத்தலாம். தடத்தின் இறுதிவரை வேகம் கூட்டுவதற்கே உரியது. அதன் தொடக்கத்திலேயே மெதுவாகப் புகுவது தடத்தை வீணாக்குவதாகும்.

5. ஓர் இடைவெளியைத் தேர்ந்து, அதற்கேற்ப வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். முன்னால் செல்லும் ஊர்தியை நெருங்கி அதன் பின்னால் சேர்வது, பின்னால் வரும் ஊர்தியின் முன் பாய்வதைவிட நல்லது.

6. பக்கக் கண்ணாடியைப் பார்த்தபின் வலத்தோளின் மேலாகவும் ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத பகுதியில் இருசக்கர ஊர்தி ஒன்று முழுமையாக மறைந்துவிடும். லாரிகளில் இப்பகுதி மிகப் பெரியது.

7. ஒரே தடத்திற்குள் மட்டும் புக வேண்டும். புகுந்தவுடன் அடுத்த தடத்திற்கும் சாய்வது கூடாது. அவ்விடத்து ஓட்டத்தோடு சில நொடிகள் சென்ற பின்னரே மற்றொரு தடத்திற்கு மாறலாம்.

8. இணைந்தபின் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, முன்னால் செல்லும் ஊர்தியுடன் உள்ள தொலைவைச் சீர் செய்துகொள்ள வேண்டும்.

இடைவெளி கிடைக்காவிட்டால், முடுக்கத் தடத்தின் இறுதியில் அன்றி அதன் தொடக்கத்திலேயே நின்று காத்திருப்பது நல்லது. முன்னால் பாதை இருந்தால் இடைவெளி வரும்போது வேகமெடுக்க முடியும். பின்னால் ஊர்திகள் நெருங்கி வரும்போது திடீரென நிற்பது ஆபத்தானது என்பதால், நிற்கும் முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். எந்நிலையிலும் பின்னோக்கிச் செலுத்தக் கூடாது.

முதன்மைச் சாலையில் செல்வோரின் பங்கு

முதன்மைச் சாலையில் செல்பவருக்கே முன்னுரிமை உண்டு. எனினும் இணைதல் இருவரும் சேர்ந்து செய்யும் செயலாகும். நுழைவுச் சாலையை நெருங்கும்போது, வலப்புறத் தடம் காலியாக இருந்தால் அதற்கு மாறி இடத்தடத்தை விட்டுக்கொடுப்பது நல்ல வழக்கம். மாற இயலாவிட்டால் தம் வேகத்தைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும். இணைபவர் கணக்கிட்ட இடைவெளி, அந்த வேகத்தை நம்பியே கணக்கிடப்பட்டது. வேகத்தைக் கூட்டி இடைவெளியை அடைப்பதும், பெருந்தன்மையாக எண்ணித் திடீரெனப் பிரேக் பிடித்து வழிவிடுவதும் ஒருபோலத் தீங்கானவை. பின்னதில், அவருக்குப் பின்னால் வரும் மூன்றாமவர் மோதக்கூடும்.

இந்திய நெடுஞ்சாலைகளில் முகப்பு விளக்கை மினுக்குவது பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்று பொருள்படுகிறது. வேறு சில நாடுகளில் அதுவே "நீ வரலாம்" என்பதற்கான சைகையாகும். எனவே மினுக்கும் விளக்கை இசைவாகக் கொள்ளாமல், ஊர்தியின் வேகம் உண்மையில் குறைகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பானது.

சட்டமும் குறியீடுகளும்

இந்தியாவில் ஊர்தி ஓட்டும் ஒழுங்குகள் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வகுக்கப்படுகின்றன. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள், முதன்மைச் சாலை எனக் குறிக்கப்பட்ட சாலைக்குள் நுழைபவர் அதில் செல்லும் ஊர்திகளுக்கு வழிவிட வேண்டும் என்றன. அவ்விதிகளுக்கு மாற்றாக 2017ஆம் ஆண்டில் மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டன. முதன்மைச் சாலைக்கு முன்னுரிமை என்னும் கோட்பாடு தொடர்கிறது. 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அனுமதிக்கப்பட்ட திசைக்கு எதிராக ஊர்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்னும் குற்றத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது.

தலைகீழ் முக்கோண வடிவில் சிவப்பு விளிம்புடன் உள்ள பலகை "வழிவிடு" என்று பொருள்படும். நுழைவுச் சாலையின் முடிவில் இப்பலகை இருந்தால், முதன்மைச் சாலை காலியாக இருக்கும்போது நிற்காமலே இணையலாம். எண்கோண வடிவ "நில்" பலகை இருந்தால் கட்டாயம் நின்ற பின்னரே புறப்பட வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையிலிருந்து தனியார் இடத்திற்கு நேரடி வழி அமைப்பதற்கு, 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலமும் போக்குவரத்தும்) கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை. பெட்ரோல் நிலையங்கள் போன்றவற்றுக்கான வழிகளில் முடுக்கத் தடமும் வேகத்தணிப்புத் தடமும் அமைக்க வேண்டும் என நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன.

திருப்பூர் வட்டாரம்

சாலையின் அமைப்பு

சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544, 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்திற்கு முன் தேசிய நெடுஞ்சாலை 47இன் பகுதியாக இருந்தது. பெருந்துறை, விசயமங்கலம், செங்கப்பள்ளி, பெருமாநல்லூர், அவிநாசி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர் ஆகிய ஊர்களை ஒட்டி இது செல்கிறது. திருப்பூர் நகரம் இச்சாலைக்குத் தெற்கே அமைந்துள்ளது. நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலைகள் அவிநாசி, பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும், ஊத்துக்குளிப் பகுதியிலிருந்து வரும் சாலை செங்கப்பள்ளியிலும் நெடுஞ்சாலையை அடைகின்றன.

இவ்வமைப்பால் இரு திசைகளிலும் இணையும் முறை வேறுபடுகிறது. இடப்புறப் போக்குவரத்தின்படி, கோயம்புத்தூர் நோக்கிச் செல்லும் பாதை நெடுஞ்சாலையின் தென்புறத்தில் உள்ளது. எனவே திருப்பூரிலிருந்து வரும் ஊர்தி அப்பாதையில் நேராக இணையலாம். சேலம் நோக்கிச் செல்ல வேண்டுமானால், நெடுஞ்சாலையைக் கீழாகவோ மேலாகவோ கடந்து வடபுற அணுகுசாலையை அடைந்து அங்கிருந்து இணைய வேண்டும். இச்சுற்றைத் தவிர்ப்பதற்காகத் தென்புற அணுகுசாலையிலேயே எதிர்த்திசையில் செல்லும் வழக்கம் இணையுமிடங்களைப் பேரளவில் ஆபத்தாக்குகிறது. இணைபவரின் கண் பின்னால் வலப்புறத்தை நோக்கியிருக்கும்போது, எதிர்த்திசை ஊர்தி அவருக்கு நேர் முன்னால் வருகிறது.

செங்கப்பள்ளிக்கும் நீலாம்பூருக்கும் இடைப்பட்ட பகுதி ஆறுவழிச் சாலையாக விரிவாக்கப்பட்டது. செங்கப்பள்ளிக்குக் கிழக்கே சேலம் வரையிலான பகுதி நான்குவழிச் சாலையாக அமைக்கப்பட்டது. எனவே கோயம்புத்தூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்வோருக்குச் செங்கப்பள்ளியில் மூன்று தடங்கள் இரண்டாகக் குறைகின்றன. நுழைவுச் சாலை எதுவும் இல்லாமலே இதுவும் ஓர் இணைதலாகும். விசயமங்கலம், கணியூர் ஆகிய இடங்களில் உள்ள சுங்கச்சாவடிகளைக் கடந்த உடனும் இதே நிலை ஏற்படுகிறது. பல வாயில்களிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் ஊர்திகள் சில நூறு மீட்டருக்குள் சில தடங்களுக்குள் ஒடுங்குகின்றன. நின்று புறப்படும் லாரியும் மகிழுந்தும் அங்கே அருகருகே இருப்பதால், அடுத்த ஊர்தி எவ்வளவு விரைவில் வேகமெடுக்கும் என்பதைக் கணித்தே தடம் மாற வேண்டும்.

அணுகுசாலைத் திறப்புகள்

இவ்வட்டாரத்தில் "ஏறுமிடம்" எனப்படுவது பெரும்பாலும் தனித்த சரிவுச் சாலையன்று. மக்கள் வழக்கில் சர்வீஸ் ரோடு எனப்படும் அணுகுசாலை நெடுஞ்சாலைக்கு இணையாகச் செல்கிறது. இரண்டிற்கும் இடையே உள்ள தடுப்பில் ஆங்காங்கே திறப்புகள் விடப்பட்டுள்ளன. மேம்பாலம் தொடங்குவதற்கு முன்னுள்ள திறப்பு நெடுஞ்சாலையிலிருந்து இறங்குவதற்கும், மேம்பாலம் முடிந்தபின் உள்ள திறப்பு ஏறுவதற்கும் பயன்படுகின்றன.

திறப்புக்குப்பின் நீண்ட முடுக்கத் தடம் இல்லாத இடங்களில், அணுகுசாலையையே முடுக்கத் தடமாகப் பயன்படுத்துவது ஒன்றே ஓட்டுநருக்கு எஞ்சியுள்ள வழியாகும். திறப்புக்கு முன்பே அணுகுசாலையின் நிலைமைக்கு ஏற்ற அளவு வேகத்தைக் கூட்டி, திறப்பினூடே ஓடிய நிலையிலேயே இணைந்தால் தேவைப்படும் இடைவெளி பாதிக்கும் கீழாகக் குறைகிறது. ஆனால் அணுகுசாலையில் நடந்து செல்வோரும் மிதிவண்டிகளும் கடைகளும் பேருந்து நிறுத்தங்களும் உள்ளன. எல்லா இடத்திலும் அங்கு விரைவாகச் செல்ல இயலாது, செல்வதும் தகாது. அத்தகைய இடத்தில் நிற்பதற்கு அஞ்சாமல், மேலே கூறிய 10 நொடி இடைவெளி வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் நிற்பவரின் ஒலிப்பானுக்காக 5 நொடி இடைவெளியில் புகுவது இவ்வகை விபத்துகளின் தொடக்கமாகிறது.

மேம்பாலத்தை அடுத்துள்ள திறப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. மேம்பாலத்திலிருந்து இறங்கி வரும் ஊர்திகள் கைப்பிடிச் சுவருக்கும் பாலத்தின் உச்சிக்கும் பின்னால் மறைந்திருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியும்போது மிக அருகில் வந்துவிடுகின்றன; இறக்கத்தில் வருவதால் அவற்றின் வேகமும் கூடியிருக்கும். இத்தகைய திறப்பில் "சாலை காலியாக உள்ளது" என்று ஒருமுறை பார்த்து முடிவு செய்யலாகாது. சில நொடிகள் பார்த்தபின்னரே முடிவு செய்ய வேண்டும்.

திறப்பின் வாயிலிலேயே லாரிகளை ஓரங்கட்டி நிறுத்துவது, பேருந்துகள் ஆள் ஏற்றுவது ஆகியவை பார்வையை மறைப்பதோடு, இருக்கின்ற சிறிது பாதையையும் இல்லாமல் செய்கின்றன.

சரக்கு ஊர்திகள்

பின்னலாடைத் தொழிலில் ஒரே துணி பல இடங்களுக்குச் செல்கிறது. நூற்பாலையிலிருந்து நூல் பின்னல் கூடத்திற்கும், பின்னிய துணி சாயப்பட்டறைக்கும், சாயமிட்ட துணி வெட்டும் இடத்திற்கும் தைக்கும் இடத்திற்கும் ஏற்றிச் செல்லப்படுகின்றன. இவ்வேலைகள் பெரும்பாலும் தனித்தனி நிறுவனங்களில் நடப்பதால், சிறு சரக்கு ஊர்திகளும் டெம்போக்களும் குறுந்தொலைவுக்கு அடிக்கடி ஓடுகின்றன. நெடுஞ்சாலையில் ஏறி, சில கிலோமீட்டரில் இறங்கும் இவ்வகைப் பயணத்தில் நீண்ட தொலைவு செல்லும் லாரியைவிட இணைதல்களின் எண்ணிக்கை மிகுதி.

சுமையின் தன்மையும் இணைதலைப் பாதிக்கிறது. நூல் மூட்டைகள் எடை மிக்கவை. அவற்றை ஏற்றிய ஊர்தி மெதுவாகவே வேகமெடுக்கும். சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்கு விறகு ஏற்றி வரும் லாரிகளும் அத்தகையவை. தைத்த ஆடைகள் அடங்கிய அட்டைப்பெட்டிகள் எடை குறைந்தவை, ஆனால் இடத்தை நிறைப்பவை. உயரமாக அடுக்கிய சிறு ஊர்தியில் பின்பக்கம் முழுவதும் மறைந்துவிடுவதால், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை மட்டுமே நம்ப வேண்டியுள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காலத்தில் வீசும் காற்று, இவ்வாறு உயரமாக அடுக்கிய ஊர்தியை மேம்பாலத்தருகே பக்கவாட்டில் தள்ளக்கூடியது.

ஏற்றுமதிச் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய நீண்ட லாரிகள் திறப்பில் திரும்பும்போது, அவற்றின் பின்பகுதி சிறிது நேரம் அணுகுசாலையிலும் முன்பகுதி நெடுஞ்சாலையிலும் இருக்கும். அவை நேராகும் வரை அவற்றின் ஓட்டுநருக்கு வலப்புறக் கண்ணாடியில் பின்னால் வரும் சாலை முழுமையாகத் தெரிவதில்லை. இவற்றுக்கு 23 நொடி இடைவெளி கிடைப்பது அரிது என்பதால், முதன்மைச் சாலையில் வருபவர்கள் தொலைவிலேயே கண்டு வலத்தடத்திற்கு மாறுவதே நடைமுறையில் விபத்தைத் தவிர்க்கிறது.

தொழிலாளர் ஊர்திகளும் இருசக்கர ஊர்திகளும்

சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பனியன் கம்பெனிகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிவரும் வேன்களும் பேருந்துகளும் காலையிலும் இரவிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாலைக்கு வருகின்றன. ஒருவர் தாமதித்தால் வேலையின் தொடக்கமே தவறும் என்ற அவசரம் ஓட்டுநரிடம் உண்டு. இருபது பேரை ஏற்றிய வேன், ஒருவர் மட்டும் செல்லும் ஊர்தியைவிடச் சிறிய இடைவெளியில் புகுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அது பெரிய இடைவெளிக்கே காத்திருக்க வேண்டும். ஆட்கள் நிறைந்த வேன் மெதுவாகவே வேகமெடுக்கும் என்பதும் நினைவிற்கொள்ள வேண்டியது.

இருசக்கர ஊர்தி விரைவாக வேகமெடுக்கக் கூடியது. ஆனால் முதன்மைச் சாலையில் இடத்தடத்தின் ஓரமாகவே செல்ல வேண்டியிருப்பதால், அடுத்தடுத்த திறப்புகளில் இணையும் ஊர்திகளின் பாதையில் அது சிக்குகிறது. குறுந்தொலைவே செல்லும் இருசக்கர ஊர்திக்கு, தொடர்ச்சியான அணுகுசாலை இருக்கும் இடங்களில் நெடுஞ்சாலையில் ஏறாமலே செல்வது சிறந்தது. இணைய வேண்டிய தேவையே எழாமல் செய்வதும் பாதுகாப்பான இணைதலின் ஒரு பகுதியாகும்.

வாரக் கூலி பெறும் சனிக்கிழமை இரவும், தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள்களும் இவ்வட்டாரச் சாலைகளில் நெரிசல் மிகுந்தவை. அக்காலங்களில் இச்சாலைக்குப் பழகாத ஓட்டுநர்களும் மிகுதியாக வருகின்றனர்.

வெளிச்சமும் நேரமும்

இப்பகுதியில் நெடுஞ்சாலை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகச் செல்கிறது. காலையில் கோயம்புத்தூர் நோக்கி இணைபவர் பின்னால் கிழக்கே பார்க்க வேண்டும். எழும் ஞாயிற்றின் ஒளி அவர் கண்ணாடியில் நேராக விழுவதால், வரும் ஊர்திகளின் தொலைவு சரியாகப் புலப்படாது. மாலையில் சேலம் நோக்கி இணைபவருக்கும் இதே இடர் உண்டு. கண்ணாடியை மட்டும் நம்பாமல் திரும்பிப் பார்ப்பது அவ்வேளைகளில் இன்றியமையாதது.

இரவில் முகப்பு விளக்கை வைத்துத் தொலைவைக் கணிப்பது கடினம். நெருங்கி அமைந்த விளக்குகளை உடைய ஊர்தி தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஒற்றை விளக்கு மட்டும் எரியும் லாரி இருசக்கர ஊர்தியாகத் தோன்றக்கூடும். பின்விளக்கு எரியாத ஊர்தி இணைந்தபின்னும் பின்னால் வருபவருக்குத் தெரிவதில்லை.

பெப்ரவரி 20, 2020 அன்று விடியற்காலையில் அவிநாசிக்கு அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது, எதிர்ப்பாதையிலிருந்து நடுத்தடுப்பைக் கடந்து வந்த சரக்குப் பெட்டக லாரி மோதியதில் 19 பேர் இறந்தனர். இது இணைதலால் நேர்ந்த விபத்தன்று. எனினும் இரவெல்லாம் ஓடிவரும் நெடுந்தொலைவு ஊர்திகள் விடியும் நேரத்தில் இப்பகுதியைக் கடக்கின்றன என்பதை இது நினைவூட்டுகிறது. முதன்மைச் சாலையில் வருபவர் விழிப்புடன் இருக்கிறார், தம்மைக் கண்டுவிட்டார் என்று இணைபவர் கருதிக்கொள்ளலாகாது.

பொதுவான பிழைகள்

• முடுக்கத் தடம் காலியாக இருந்தும் அதன் தொடக்கத்திலேயே மெதுவாகப் புகுதல்.

• ஊர்தியின் முன்பகுதியைச் சிறிது சிறிதாக நெடுஞ்சாலைக்குள் நீட்டி, வருபவரை நிற்கச் செய்தல். நகர நெரிசலில் பழகிய இம்முறை, 80 கி.மீ. வேகச் சாலையில் உயிருக்கே தீங்காகும்.

• முன்னால் உள்ள ஊர்தி புகுந்த இடைவெளியிலேயே அதை ஒட்டித் தாமும் புகுதல். ஒவ்வொரு ஊர்திக்கும் தனி இடைவெளி தேவை.

• இணைந்தவுடன் நடுத்தடுப்பை ஒட்டிய தடத்திற்குச் சாய்ந்து செல்லுதல்.

• இறங்க வேண்டிய திறப்பைத் தவறவிட்டுப் பின்னோக்கி வருதல். அடுத்த திறப்பு வரை சென்று திரும்புவதால் இழப்பது சில நிமிடங்களே.

வரலாறும் பிற நாடுகளும்

நான்கிதழ் வடிவச் சந்திப்புக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டு ஆர்தர் ஏல் என்பவர் காப்புரிமை பெற்றார். அந்நாட்டின் முதல் நான்கிதழ்ச் சந்திப்பு 1929ஆம் ஆண்டு நியூ செர்சி மாநிலத்தின் உட்பிரிட்சு என்னும் இடத்தில் அமைந்தது. இவ்வமைப்பில் ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே சிறு நீளத்தில் ஒருவர் பாதையை ஒருவர் பின்னிக் கடக்க வேண்டியிருந்தது. சென்னையில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் இவ்வடிவத்தைச் சேர்ந்தது.

நுழைவுச் சாலையில் சைகை விளக்கு அமைத்து ஊர்திகளை ஒவ்வொன்றாக விடும் முறை 1963ஆம் ஆண்டு சிகாகோ நகரில் தொடங்கியது. கூட்டமாக வரும் ஊர்திகள் பிரிக்கப்படுவதால் முதன்மைச் சாலையின் ஓட்டம் குலைவதில்லை.

செருமனியில், ஒரு தடம் முடியுமிடத்தில் இரு வரிசையினரும் பல்லிணைப்பட்டியின் பற்கள்போல் ஒன்றுவிட்டு ஒன்றாக இணைய வேண்டும் என்பது சட்டம். ஆனால் இது விரைவுச் சாலையின் முடுக்கத் தடத்திற்குப் பொருந்தாது. அங்கு முதன்மைச் சாலையில் செல்வோருக்கே முன்னுரிமை.

இலங்கையின் முதல் விரைவுச் சாலையான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட நுழைவாயில்கள் வழியாக மட்டுமே அதில் ஏற முடியும். இருசக்கர, முச்சக்கர ஊர்திகளுக்கு அனுமதியில்லை. இவ்வாறு நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலையில் இணையுமிடங்கள் சிலவே என்பதால் அவற்றை நீளமாக அமைக்க இயலுகிறது. திருப்பூர் வட்டாரத்தில் உள்ளதுபோன்ற சாலையில், ஒவ்வோர் ஊருக்கும் தொழிற்சாலைப் பகுதிக்கும் வழி தேவைப்படுவதால் திறப்புகள் பலவாகின்றன. பாதையின் குறையை அங்கு ஓட்டுநரின் பொறுமையே ஈடு செய்ய வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

• தேசிய நெடுஞ்சாலை 544
• திருப்பூர்
• பின்னலாடை
• கத்திப்பாரா மேம்பாலம்
• சாலைப் பாதுகாப்பு